கோட்டைக்கு உறுதி

இருபது பிரதி போட்டோக்கொப்பி,
அட்டைக்கு மட்டும் கலர்.
சனிக்கிழமை மூன்றரைக்கு
குருநகர் வாசிகசாலைக்குக் கொண்டுபோனேன்
நானே எழுதி நானே கீறிய இளவரசியை.

என் இளவரசியிடம் வாள் இருக்கிறது.
கூந்தலைக் கட்டையாக வெட்டி
நீலச் சட்டையைக் கழற்றி எறிந்து
கோபுரத்தால் தானே இறங்கி
நாகத்தைத் தானே கொன்று
மூச்சிரைக்க வந்து நின்ற இளவரசனிடம்
"பிந்திவிட்டீர், குதிரைக்குத் தண்ணி காட்டிவிட்டுப் போம்"
என்கிறாள்.
அந்த வரி வந்த இரவு
எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பாயில் பதினொரு பிள்ளைகள்.
முடித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.
மேலே ஃபான் மட்டும் டக், டக்.

"பாம்பு செத்தாப்பிறகு
ஆர் மிஸ் தூக்கிக்கொண்டுபோய்த் தாட்டது?
மணக்குமெல்லோ" என்றான் றொய்ஸ்ரன்.

அன்ரனிற்றாவுக்கு நீலச் சட்டை போனது கவலை.
"சட்டையோட சண்டை பிடிக்கேலாதோ?
புதுநன்மைச் சட்டையோட நான் மதில் பாய்ஞ்சனான்.
கிழியேல்ல."

நான் நாலாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
அங்கே அரசன் பெருமூச்சு விடுகிறான்:
"ஒரே குமர். எப்படியும் கரைசேர்க்க வேணும்."
பின்னால் உடைப்பதற்கென்றே
வேண்டுமென்று விட்டுவைத்த வசனம்.

பெனடிற்றா, பல் விழுந்த ஓட்டையை
நாக்கால் தடவிக்கொண்டு:
"கரைசேருறது நல்லம்தானே மிஸ்.
விடிய அப்பான்ர வள்ளம் வராட்டி
அம்மா ஜெட்டியில போய் நிப்பா."
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"அப்ப அவ அதுமட்டும் கடலிலயோ இருந்தவ?"

நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

கதவு நிலையில் சாய்ந்து நின்றாள் சறோமி.
பன்னிரண்டு வயது. இடுப்பில் தம்பி.
கதை கேட்க வரவில்லையாம்,
தாய் நண்டுக் கொம்பனியால் வருமட்டும்
வெயிலுக்கு ஒதுங்கியதாம்.

"கோட்டை உறுதி ஆரின்ர பேரில?"

எனக்கு விளங்கவில்லை.

"ராசா அவவின்ர பேருக்கு எழுதினவரோ?
இல்லாட்டிக் கலியாணம் கட்டினாத்தான்
சீதனமாக் குடுக்கிறதோ?
எங்கட அக்கான்ர வீடு அக்கான்ர பேரிலதான்.
விக்கிறதெண்டா அத்தானும் கையெழுத்து வைக்கவேணும்.
இப்ப அக்கா எங்களோட.
அத்தான் அங்க,
அக்கான்ர வீட்டில."

தம்பி சிணுங்கினான்.
அவள் மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

அந்த வாளின் விளிம்பில் வெளிச்சம் விழுத்த
மூன்று இரவு முழித்திருந்தேன்.
கோட்டையின் ஒவ்வொரு கல்லையும் கீறினேன்,
ஒரு தாளைக் கீறவில்லை.

கடைசிப் பக்கத்தின் பின்புறம் வெறுமை.
பென்சில்களைக் கொட்டினேன்.
பாயில் குப்புறப் படுத்து ஆளுக்கொன்று கீறினார்கள்.
றொய்ஸ்ரன் தோண்டிய கிடங்கு
பக்கத்தைத் தாண்டிச் சீமெந்து நிலத்துக்கும் போனது.
பெனடிற்றாவின் இளவரசிக்கு வள்ளம் கிடைத்தது.
வள்ளம் கரையைப் பார்க்கவில்லை.
"மண்ணெண்ணெய் காணும்" என்றாள்,
நான் கேட்காமலே.

சறோமி படம் கீறவில்லை.
தம்பியை இறக்கிவிட்டு
கோடுபோட்டு எழுதினாள், நொத்தாரிசு மாதிரி:
கிழக்கு கடல். மேற்கு ஒழுங்கை.
இதற்குள் அடங்கிய கோட்டையும் கிணறும்
வழி வாய்க்கால் உரித்தும்.
முத்திரைக்கு ஒரு பெட்டி.
நிமிர்ந்தாள்.
"அவவுக்குப் பேரென்ன, மிஸ்?"

இருபத்திரண்டு பக்கம்.
இளவரசி, இளவரசி, இளவரசி.

"பேரில்லாட்டி எழுதேலாது"
என்று பென்சிலை வைத்தாள்.
தாய் வந்து கூப்பிட்டா. போய்விட்டாள்.

பண்ணைப் பக்கம் காற்று எதிரே அடித்தது.
வலப்புறம் கோட்டை,
கொத்தளத்தில் குடை விரித்த சோடிகள்.
ஸ்கூட்டியை மெதுவாக விட்டு
ஒவ்வொரு பேராகச்
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,
ஹெல்மெற்றுக்குள்,
சத்தமாக.